பெய்த நாளும் வந்த நாளும்

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு தேதி முத்திரை இருந்தது. மரக் கைப்பிடி; கீழே நாளுக்கும் மாதத்துக்கும் வருடத்துக்கும் தனித்தனிச் சக்கரங்கள். காலையில் பூட்டைத் திறப்பேன், ஜன்னலைத் திறப்பேன், நாள் சக்கரத்தை ஒரு பல் தள்ளுவேன். அதன் பிறகே அன்றைய நாள் தொடங்கியதாக எனக்குத் தோன்றும். உடம்பு சரியில்லாமல் வீட்டில் கிடந்த நாட்களில்கூட அந்தச் சக்கரத்தை யாராவது தள்ளினார்களா என்றுதான் முதலில் நினைப்பேன்.

அது ஓர் ஏலத்தோட்டத்தின் ஊர் அலுவலகம். தோட்டம் குரங்கணிக்கு மேலே மலையில் இருந்தது. அலுவலகம் கீழே போடிநாயக்கனூரில், ஏலக்காய் தரம் பிரிக்கும் கிடங்குகளுக்கு நடுவே. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே எழுத்தராகச் சேர்ந்தேன். சேர்ந்தபோதே ஒரு விதி சுவரில் எழுதாத குறையாக இருந்தது: எந்தத் தாளானாலும் வந்த தேதியில் முத்திரை குத்தி, அந்தத் தேதியிலேயே பதிவு செய்ய வேண்டும். உரம் கேட்டு வரும் கடிதம், ஆள் கேட்டு வரும் கடிதம், மருந்து கேட்டு வரும் கடிதம் எல்லாவற்றுக்கும் அதுவே. எப்போது அனுப்பினோம், ஏன் தாமதம் என்ற சண்டைகளைத் தவிர்க்க யாரோ ஒருவர் வகுத்த விதி. எனக்கு அது பிடித்திருந்தது. என் குணத்துக்குத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது.

மழைச் சீட்டும் அப்படித்தான் வந்தது. ஏலத்துக்கு மழைதான் எல்லாம் என்பதால் முதலாளி ஒரு மழைப்பதிவேடு வைக்கச் சொல்லியிருந்தார். மேலே தோட்டத்து சூப்ரவைசர் காலையில் மழைமானியைப் பார்த்து, மழை இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் அளவை எழுதித் தபால் பையில் போடுவார். மழை இல்லாத நாளுக்குச் சீட்டு கிடையாது. பையைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் குரங்கணிவரை நடந்து இறங்குவார். அங்கிருந்து ஜீப்பு கொண்டுவரும். என் மேஜைக்கு வந்ததும் முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, சீட்டைக் குத்துக்கம்பியில் செருகுவேன். கம்பி நிறைந்ததும் கட்டிப் பெட்டியில் வைப்பேன். ஒரு சீட்டுகூடத் தொலைந்ததில்லை. பதிவேட்டில் ஓர் அடித்தல் கிடையாது.

அதே ஊரில் இன்னொருவர் ஆற்றை அளந்துகொண்டிருந்தார்.

மலையிலிருந்து இறங்கும் கொட்டகுடி ஆறு ஊரைத் தொட்டுக்கொண்டு போய் வைகையில் சேர்கிறது. பாலத்துக்குப் பக்கத்தில் அடிக்கணக்குக் கோடுகள் வரைந்த ஓர் அளவுகல் நட்டிருந்தார்கள். அதை நாளுக்கு மூன்று வேளை பார்த்து எழுத அரசு ஒருவரை வைத்திருந்தது. ராசிங்காபுரத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். சைக்கிளில் வருவார். எல்லோரும் அவரை ஆத்தளவுக்காரர் என்றார்கள். நான் சொல்லப்போகும் வருடத்தில் அவர் எட்டு வருடமாகத் தற்காலிகம். அந்த வருடம் நிரந்தரம் ஆகிவிடும், உத்தரவு மதுரையில் கையெழுத்துக்கு இருக்கிறது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய நோட்டை ஒருமுறை பார்த்திருக்கிறேன். பென்சில் எழுத்து, ஈரம் பட்டு ஒட்டிய பக்கங்கள், ஓர் ஓரத்தில் சைக்கிள் எண்ணெய்க் கறை. எனக்கு அதைத் தொடவே மனம் வரவில்லை. அந்த நோட்டைப் பற்றி அன்றே என் மனத்தில் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் பகலில் எங்கள் அலுவலக வாசலில் ஜீப்பு ஒன்று வந்து நின்றது. ஒரு தமிழ் இன்ஜினியரும் இரண்டு வெளிநாட்டுக்காரர்களும் இறங்கினார்கள். வெளிநாட்டுக்காரர்களில் மூத்தவர் உயரமானவர். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. டீ குடித்த தம்ளரைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தார். தரம் பிரிக்கும் பெண்கள் அதை ஒரு வாரம் பேசினார்கள்.

வந்த காரியத்தை இன்ஜினியர் பொறுமையாகச் சொன்னார். ராமநாதபுரத்துக்கும் கிழக்கே ஒரு கடற்கரை ஊர். அங்கே கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. வெளிநாட்டுக்காரர்களின் நாடு கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறதாம். உப்புத் தண்ணீரைத் தள்ளி நிறுத்துவது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த வேலை. அவர்கள் செய்வது இது: மழைக்காலத்தில் வீணாகப் போகும் வெள்ளத்தை வாய்க்கால் வெட்டிக் கடலோர மணல்மேட்டுக்குள் இறக்கிவிடுகிறார்கள். உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீர் தங்கி நிற்கும். கோடையில் அதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து அதே மாதிரி இங்கேயும் செய்து பார்க்கப் போகின்றன.

"அதுக்கு போடியில என்ன சார்?" என்று கேட்டேன்.

"வைகையில வெள்ளம் வர்ற ரெண்டு நாள்ல மடையத் திறந்து மணலுக்குத் திருப்பணும். வந்த பிறகு ஆளைத் தேடினா போச்சு. மலையில மழை பெஞ்சா எத்தனை நேரத்துல ஆத்துல ஏறுதுன்னு ஒவ்வொரு கிளையாத்துக்கும் தெரியணும். இந்தப் பக்கம் விடாம எழுதின மழைக்கணக்கு உங்க தோட்டத்துலதான் இருக்குன்னாங்க."

நான் பதிவேடுகளை எடுத்து வைத்தேன். மூத்தவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஏதோ சொல்லிச் சிரித்தார். இவ்வளவு சுத்தமான கையெழுத்தை அவர் நாட்டிலேயே பார்த்ததில்லை என்று இன்ஜினியர் மொழிபெயர்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்தார்கள். அன்று வீட்டுக்கு நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்து போயிருக்க வேண்டும்; மனைவி, "என்ன, சம்பளம் கூட்டிட்டாகளா?" என்று கேட்டாள்.

சில மாதம் கழித்து இன்ஜினியர் மட்டும் வந்தார். கட்டம் போட்ட ஒரு நீளத் தாளை மேஜையில் விரித்தார். நீலக்கோடு என் மழை. சிவப்புக்கோடு பாலத்து ஆறு. சிவப்பு ஏறி இறங்கிய பிறகு நீலம் ஏறியது. ஒரு வெள்ளத்தில் அல்ல, எல்லா வெள்ளத்திலும். பெரிய வெள்ளமென்றால் மூன்று நாள்கூட முந்திக்கொண்டது.

"ஆறு முதல்ல வருது, மழை பின்னால வருது. இது எப்படிங்க?" என்றார். குரலில் கிண்டல் இல்லை, களைப்புதான் இருந்தது. "உங்க புத்தகத்துல தவறு இருக்க வாய்ப்பிருக்கா?"

"கிடையாது சார். ஒவ்வொண்ணும் வந்த அன்னைக்கே எழுதினது. முத்திரை இருக்கு பாருங்க."

வந்த அன்றே. அந்தச் சொல்லை நானே சொன்னேன். அதன் பொருள் அவர் காதிலும் ஏறவில்லை, என் காதிலும் ஏறவில்லை. அவர் சீட்டுக் கட்டைப் பிரித்து முத்திரைகளைப் பார்த்தார். பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"அப்ப அந்த ஆள் வீட்ல உக்காந்து எழுதியிருக்கணும்," என்றார்.

நான் மறுக்கவில்லை. ஒட்டிய பக்கங்களும் எண்ணெய்க் கறையும் நினைவுக்கு வந்தன. "ராசிங்காபுரத்துலருந்து தினமும் மூணு வேளை வர்றது கஷ்டம்தான்," என்று வேறு சொன்னேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அடுத்த மாதம் ஆத்தளவுக்காரருக்கு வேலை நீட்டிப்பு வரவில்லை. நிரந்தர உத்தரவு என்ன ஆயிற்று என்று கேட்கப் போன இடத்தில், பொய்க்கணக்கு எழுதியவர் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். ஊருக்கு அது தெரிய இரண்டு நாள் ஆனது. ஆறு ஏறியதை மழைக்கு முன்னாலேயே எழுதிவிட்டாராம் என்று சிரித்தார்கள். டீக்கடையில் அவருக்கு ஜோசியக்காரர் என்று பெயர் வைத்தார்கள்.

நான் இருக்கும்போதே ஒருநாள் காலையில் இது நடந்தது. எருமை வைத்திருந்த ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்தபடி அவரைப் பார்த்துக் கத்தினார்: "வாய்யா ஜோசியக்காரரே! நாளான்னைக்கு வெள்ளம் வருதா? சொல்லிட்டீருன்னா எருமையை மேட்டுல கட்டிப்போடுவேன்."

"எருமை நீந்திக்கிரும்யா. உன்னையக் கட்டிப்போடத்தேன் ஆளு வேணும்," என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அவர் என்னைத் தேடி இரண்டு முறை அலுவலகத்துக்கு வந்தார். முதல் முறை வாசற்படியிலேயே நின்றார்.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாக. ஒங்க புத்தகத்தை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கண்ணே."

"பார்த்தாச்சு தம்பி. இன்ஜினியரும் பார்த்துட்டார். அதுல ஒண்ணும் இல்ல."

"ஆத்துக்கு மூளை கிடையாதுண்ணே. மேல பெஞ்சா கீழ வருது. நான் கல்லைப் பார்த்து எழுதுறேன். இதுல பொய் எழுதி எனக்கென்ன கிடைக்கப் போகுது?"

"வராத அன்னைக்கு எழுதியிருந்தா?"

அவர் படியிலிருந்து இறங்கினார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். இரண்டாம் முறை வந்தபோது நான் வேலையாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையிலேயே வேலையாகத்தான் இருந்தேன்; பழைய உறைகளைத் திருப்பி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருட ஐப்பசியில் முதலாளி என்னைத் தோட்டத்துக்குப் போய் இருப்புச் சாமான்களைச் சரிபார்த்து வரச் சொன்னார். பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தும் நான் மேலே போனது ஐந்தாறு தடவைதான், அதுவும் வெயில் காலத்தில். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் குரங்கணி போய், அங்கிருந்து ஏறி, காலில் ஏறிய அட்டைகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தேன்.

திங்கட்கிழமை மதியம் மழை பிடித்தது. மழை என்றால் எனக்கு அதுவரை இஞ்ச் கணக்குதான். அன்று தகரக் கூரைக்குக் கீழே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. செவ்வாய் காலையில் சூப்ரவைசர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் மழைமானியைப் பார்த்துவிட்டு வந்தார். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அளவை எழுதித் தபால் பைக்குள் போட்டார்.

"இன்னைக்குப் பை இறங்குமா?" என்று கேட்டேன்.

"எங்க சாரே இறங்கும்? ரோடு போச்சு. ஜீப்பு குரங்கணிக்கு ஏறாது. பை இங்கேதான் கிடக்கும்."

புதன்கிழமை இன்னொரு சீட்டு. வியாழக்கிழமை மூன்றாவது; அதோடு மழை விட்டது. பை ஆணியிலேயே தொங்கியது. எனக்கு மலைவாசம் அலுத்துவிட்டது. துணி காயவில்லை, சோற்றில் புகை வாசம். வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. பையைச் சுமந்த ஆளோடு நானும் இறங்கினேன். மண் சரிந்த இடங்களைக் கடந்து, ஜீப்பு வந்து நின்ற இடம்வரை நடந்து, மாலை நாலரை மணிக்கு அலுவலகம் வந்தேன். கால் கழுவினேன். முத்திரைச் சக்கரத்தை எண்ணி ஆறு பல் தள்ளினேன். பையைத் திறந்தேன். மூன்று மழைச் சீட்டுகள். பழக்கம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூன்றிலும் வெள்ளிக்கிழமைத் தேதியைக் குத்தினேன். மூன்று அளவுகளையும் கூட்டி, பதிவேட்டில் வெள்ளிக்கிழமைக்கு நேரே எழுதப் பேனாவைத் திறந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மழையே இல்லை. காலையிலிருந்து அந்த வெயிலில்தான் நடந்து வந்திருக்கிறேன்.

பேனாவை மூடி வைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எழுதி வைக்கவில்லை. காலையில் அளப்பது முந்தின நாள் மழை என்பதால், ஒவ்வொரு சீட்டும் நல்ல நாளிலேயே ஒரு நாள் தாமதித்துத்தான் வந்திருக்கிறது. மழை பலத்தால் ரோடு போகும். ரோடு போனால் சீட்டுகள் சேர்ந்து கிடந்து மொத்தமாக வரும். அதாவது மழை பெரிதாகப் பெரிதாக என் தவறும் பெரிதாகியிருக்கிறது. சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். எதிலும் தேதி இல்லை. பத்து வருடமாகச் சூப்ரவைசர் தேதி போட்டதில்லை. பத்து வருடமாக நானும் கேட்டதில்லை. என் முத்திரை இருக்கும்போது அவர் தேதி எதற்கு?

வீட்டுக்குப் போய் இன்னொன்றும் செய்தேன். வீட்டில் எனக்கென்று ஒரு நாட்குறிப்பு உண்டு. எழுந்த நேரம், உடல்நிலை, குளித்த இடம், வந்தவர் போனவர் என்று வரிக்கு ஒன்றாக எழுதுவேன். இன்ஜினியர் காட்டிய தாளிலிருந்த பெரிய வெள்ளங்களின் நாட்கள் எனக்கு நினைவிருந்தன. ஒவ்வொன்றாகத் தேடினேன். "ஆற்றில் கலங்கல். வீட்டிலேயே குளியல்." அடுத்தது: "புதுத் தண்ணீர். பாலத்தில் கூட்டம். வீட்டிலேயே குளியல்." ஆத்தளவுக்காரர் வெள்ளம் என்று எழுதிய அதே நாட்கள். வீட்டுப் புத்தகமும் அலுவலகப் புத்தகமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல மறுத்தன. இரண்டும் என் கையெழுத்து.

மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "அந்த மனுசனுக்கு நாளைக்குக் காலையிலயே போய்ச் சொல்லிருங்க. காப்பித்தண்ணி வந்து குடிச்சுக்கலாம்," என்றாள்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு ராசிங்காபுரம் போக சைக்கிளை எடுத்தேன். பாலம் தாண்டும்போது கீழே அவரைப் பார்த்து இறங்கிப் போனேன். அளவுகல் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று துணி பிழிந்துகொண்டிருந்தார். கரையில் அவருடைய சைக்கிள். கைப்பிடியில் ஒரு கம்பி வளையம் தொங்கியது. அதில் தினசரிக் காலண்டர் தாள்கள், பின்பக்கம் பென்சிலில் எண்கள்.

"இன்னும் பார்த்து எழுதுறீங்களா?"

"ஆத்துல குளிக்க வர்றேன். கல்லு கண்ணு முன்னால நிக்குது. கண்ணை மூடிக்கிட்டா குளிக்க முடியும்?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் துணியை உதறி, மறுபடி பிழிந்து, மறுபடி உதறினார்.

"இப்பச் சொல்றீகளே. அன்னைக்கு ரெண்டு தடவை வந்தேனே அண்ணே. உக்காருன்னு ஒரு வார்த்தை சொன்னீகளா?"

நான் குனிந்து துணியின் மறுமுனையைப் பிடித்தேன்.

"சரி. சோலி முடிஞ்சதும் வாங்க. வெரசா எங்க போகணுமோ போயிருவோம்," என்றார்.

முதலாளியிடம் சொன்னபோது அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஏலக்காய் வெளஞ்சிருச்சுல்ல? பின்ன என்னய்யா? மழை எந்தக் கிழமை பெஞ்சா நமக்கென்ன?" என்றார். நாலு நாள் விடுப்பு மட்டும் கொடுத்தார். இன்ஜினியருக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கார்த்திகையில் நானும் ஆத்தளவுக்காரரும் ரயிலேறி மதுரைக்குப் போனோம். என் மடியில் பதிவேடுகள், அவர் மடியில் சீட்டுக் கட்டுகள். அவருடைய நோட்டுகளைத் துண்டில் கட்டித் தலைக்குமேல் பலகையில் வைத்திருந்தார். மதுரை அலுவலகத்தில் எல்லோரும் கடற்கரை முகாமில் இருப்பதாகச் சொன்னார்கள். மறுபடி ரயில், அப்புறம் பஸ்சு.

அந்த ஊரில் இறங்கியதும் தண்ணீர் குடிக்கலாம் என்று கடையில் கேட்டேன். கடைக்காரர் சோடா புட்டியைக் காட்டினார். முகாமுக்குப் போகும் வழியில் மணலில் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு பெண் உட்கார்ந்து, ஊறி வரும் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சிரட்டை அள்ளினால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். குழிக்கு மேலே அடுத்த ஆள் வரிசை.

வரிசையில் நின்ற ஒரு பெண் எங்கள் மூட்டைகளைப் பார்த்து, "எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"போடிப்பக்கம்," என்றார் ஆத்தளவுக்காரர்.

"அங்க தண்ணி கிடைக்குமா?"

"கிடைக்கும்த்தா."

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?"

 நான் பதிவேட்டு மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன்.

முகாம் என்பது ஒரு பழைய உப்புக் கிடங்கு. இன்ஜினியர் எங்களைக் கண்டு எழுந்து நின்றார். நான் பதிவேட்டைத் திறக்கவில்லை. முதலில் அந்த மூன்று சீட்டுகளைத்தான் வைத்தேன். சொல்லி முடித்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூத்த வெளிநாட்டுக்காரரைக் கூப்பிட்டு விளக்கினார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மேலே இருப்பவர் ஏன் தேதி போடவில்லை? இன்ஜினியருக்குக் கடிதம் எழுதிய கையோடு சூப்ரவைசரிடமும் அதைத்தான் நான் கேட்டனுப்பியிருந்தேன். அவர் சீட்டிலேயே பதில் எழுதியிருந்தார். அதை வாசித்தேன்: "தேதி எதுக்கு சாரே? மழை பெஞ்சது எல்லாருக்கும் தெரியும்தானே?"

மொழிபெயர்த்ததைக் கேட்டு மூத்தவர் முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டைக் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

இரண்டு நாள் வேலை. மழையில்லாத நாளுக்குச் சீட்டு இல்லை என்பதால், எண்ணி ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளவும் முடியாது. எந்தச் சீட்டு எந்த நாளுக்கு என்று சொல்ல ஆற்றைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆத்தளவுக்காரர் தம் நோட்டிலிருந்து வாசிப்பார்: "காலையில ஒண்ணரை அடி. மத்தியானம் அதே. சாயங்காலம் நாலே கால். கலங்கல்." நான் சீட்டை எடுத்து அந்த நாளுக்கு நேரே வைப்பேன். என்னுடைய அடித்தலில்லாத புத்தகத்தை, எண்ணெய்க் கறை படிந்த நோட்டு வரி வரியாகத் திருத்தியது. வேலை நீக்கத்துக்குப் பிந்தைய மாதங்களுக்கு அவருடைய காலண்டர் தாள்கள் இருந்தன. மூத்தவர் அந்தக் கம்பி வளையத்தை வாங்கி, ஒவ்வொரு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  புதிதாக ஒரு கோடு வரைந்தபோது நீலம் முதலில் ஏறியது, சிவப்பு பின்னால் ஏறியது. மதியம் மலையில் பெய்தது அந்திக்குள் எங்கள் பாலத்தில் இருந்தது.

"அறிக்கை போன வாரமே ரெண்டு அரசாங்கத்துக்கும் போயிடுச்சு," என்றார் இன்ஜினியர். "அதுல உங்க ஆத்தை நம்ப முடியாதுன்னு விட்டுட்டோம். இதைப் பின்னிணைப்பா அனுப்பறேன். யாரும் படிப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

"எஞ்சோலியைப் பத்தி அதுல ஒரு வரி வருமா சார்?" என்று கேட்டார் ஆத்தளவுக்காரர்.

இன்ஜினியர் தனியாக ஒரு கடிதம் எழுதினார். நான் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டேன்: பிழை என் பதிவில், ஆற்றளவில் அல்ல. தேதி போட்டேன். எழுதிய தேதி.

அடுத்த சித்திரையில் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. உத்தரவை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார், படித்துச் சொல்லச் சொல்லி. நான் உட்காரச் சொன்னேன். படித்தேன். இடையில் பணி முறிந்துவிட்டதால், முந்தைய எட்டு வருடம் கணக்கில் சேராது. சேரும் நாளிலிருந்து புதிய தற்காலிகப் பணியாளர்.

"அப்ப நிரந்தரம்?"

"இன்னும் எட்டு வருசம் ஆகும்போல இருக்கு தம்பி. மேல எழுதிக் கேப்போம்."

"எழுதுங்க," என்றார். "தேதியை மட்டும் பார்த்துப் போடுங்க."

எழுதினேன். அவருக்காக நான் எழுதிய மனுக்களின் நகல்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. பதில் வந்தவை மூன்று. மூன்றும் பரிசீலனையில் உள்ளது என்றன. நான் குத்திய முத்திரையை என் வாக்குமூலத்தால் அழிக்க முடியவில்லை.

கடற்கரை ஊரில் திட்டமிட்ட வாய்க்கால்களில் இரண்டு வெட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். மற்றவற்றுக்கு முன் வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். இன்ஜினியரிடமிருந்து ஒரு கார்டு வந்தது: ஒரு தெருவின் குழிகளில் அந்த வருடம் தை வரை உப்பு ஏறவில்லை, எங்கள் ஆற்றின் கணக்கைப் பார்த்துத்தான் மடை திறக்கும் ஆட்களுக்குத் தந்தி கொடுக்கிறார்கள். ஒரு தெரு. அந்தச் சிரட்டைப் பெண் எந்தத் தெரு என்று நான் கேட்டு வரவில்லை.

டீக்கடையில் ஜோசியக்காரர் என்ற பெயர் போகவே இல்லை. ஏன் வந்தது என்பதை மறந்துவிட்டார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது. அப்படிக் கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

நான் ஓய்வு பெறும்வரை மழைப்பதிவேட்டில் இரண்டு பத்திகள் வைத்திருந்தேன். பெய்த நாள், வந்த நாள். சூப்ரவைசர் தேதி போடக் கற்றுக்கொண்டார், முணுமுணுத்தபடி. மாலை அளவெடுத்துவிட்டு ஆத்தளவுக்காரர் சைக்கிளை அலுவலக ஜன்னலோரம் நிறுத்துவார்.

"மேல என்ன மழைண்ணே?"

"சீட்டு இன்னும் வரல."

"எனக்கு வந்திருச்சு. மூணரை அடி," என்பார்.

நான் பதிவேட்டில் அன்றைய தேதியை எழுதி, பக்கத்தில் இடம் விட்டு வைப்பேன். சீட்டு வரும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கும். வாழ்நாளெல்லாம் காலி இடம் விடாமல் எழுதியவனுக்கு அது பழக நெடுநாள் ஆயிற்று.